கல்யாணச் செலவை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்வது எப்படி? மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மனமொத்த பிறகு, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டோம்பிவ்லி, முலுண்ட், செம்பூர் பகுதிகளில் உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்குமாக ஒன்பது கல்யாணங்களுக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன். என் மகளின் கல்யாணமும் அவற்றுள் ஒன்று. மனக்கசப்பு வந்த கல்யாணங்களை எண்ணிப் பார்க்கையில், பணப் பற்றாக்குறையால் வந்த கசப்பு குறைவு. எதை முதலில் பேசுவது, எதை அடுத்துப் பேசுவது என்ற வரிசை மாறிப்போனதால் வந்ததே அதிகம். குறிப்பாக, "பாதிப் பாதி" என்று முதல் நாளே விகிதத்தைச் சொல்லி முடித்துவிட்டவர்கள் பின்னால் வருந்தியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விகிதம் ஐந்தாவது படியில் பேச வேண்டியது. அதற்கு முன் செய்ய வேண்டிய நான்கு வேலைகள் இருக்கின்றன.

தொடங்குமுன் தேவையானவை

ஜாதகம் பொருந்தி, பெண்ணும் பையனும் சம்மதம் சொல்லி, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்காமல் இருக்கும் இடைவெளியே செலவு பேசச் சரியான நேரம். நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டால் ஊருக்கெல்லாம் செய்தி போய்விடும். அதன் பிறகு எது சொன்னாலும் மறுக்க மனம் வராமல் இரு தரப்பும் தலையாட்டிவிடுவார்கள். தலையாட்டிய பிறகு உள்ளுக்குள் வருந்துவதைவிட, முன்பே பேசித் தயங்குவது மேல்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவரைக் கணக்குப் பொறுப்பாளராக வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெண்ணின் தகப்பனாராகவோ பையனின் தகப்பனாராகவோ இல்லாதிருப்பது நல்லது. அத்தை, சித்தப்பா, தாய்மாமன், திருமணமான அண்ணன் என்று யாராகவும் இருக்கலாம். "அந்த பில் இன்னும் வரவில்லை" என்று கேட்பது கணக்குப் பொறுப்பாளருக்கு ஒரு வேலை. சம்பந்திகள் நேருக்கு நேர் கேட்டுக்கொண்டால் அதுவே மனத்தாங்கலாகிவிடும்.

இருவரும் பார்க்கக்கூடிய ஒரே கணக்கு வேண்டும். கூகுள் ஷீட்டாக இருந்தாலும் சரி, நோட்டுப் புத்தகமாக இருந்தாலும் சரி, இரண்டு வீட்டிலும் தனித்தனிக் கணக்கு ஓடக்கூடாது. பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம். ஆனால் மணமக்கள் இருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருவரும் சம்பாதிப்பவர்கள். கல்யாணத்துக்காக வாங்கும் கடனின் தவணை பிற்பாடு அவர்கள் குடும்பத்தின் மீதுதான் விழுகிறது.

1. வரம்பை முதலில் உங்கள் வீட்டுக்குள் முடிவு செய்யுங்கள்

சம்பந்தி வீட்டாரைச் சந்திக்கும் முன், எவ்வளவு வரை நம்மால் முடியும் என்பதை வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதுங்கள். கையில் இருக்கும் சேமிப்பு, கல்யாணத் தேதிக்குள் முதிர்வடையும் வைப்புத்தொகை, எடுக்கப்போகும் சீட்டு, மணமகனோ மணமகளோ தானாக முன்வந்து தரும் தொகை என்று ஒவ்வொன்றையும் தனி வரியில் குறியுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால் அதைக் கடன் என்றே எழுதுங்கள். "எப்படியாவது புரட்டிவிடலாம்" என்ற வரிக்குப் பட்டியலில் இடமில்லை.

கூட்டத்தில் உட்காரும்போது நமக்குப் பதிலாக நம் கௌரவம் பேசத் தொடங்கிவிடும். எதிர்த் தரப்பு ஆயிரம் பேருக்குச் சாப்பாடு என்றால், நாமும் குறையக்கூடாது என்று தோன்றும். எழுதிவைத்த ஒரு எண் சட்டைப்பையில் இருந்தால் அந்தத் தடுமாற்றம் குறையும். வரம்பை முன்பே எழுதச் சொல்வது இதனால்தான். அந்த எண்ணை எதிர்த் தரப்பிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அதிலிருந்து பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்துவிட்டு, மீதியையே வரம்பாகக் கருதுங்கள். கடைசி வாரத்தில் எதிர்பாராத செலவு வராத கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

2. விருந்தினரைப் பெயர் பெயராக எழுதுங்கள்

"எங்கள் பக்கம் சுமார் இருநூறு பேர்" என்று சொல்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. எத்தனை பத்திரிகை கொடுக்கிறோம் என்பதை எத்தனை பேர் வருவார்கள் என்று எடுத்துக்கொள்வது இரண்டாவது பிழை. நூறு பத்திரிகை என்பது முந்நூறு பேராகவும் இருக்கலாம், நூற்றைம்பது பேராகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பெயர், எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எந்தெந்த வேளைக்குச் சாப்பிடுவார்கள், தங்க இடம் வேண்டுமா என்று ஐந்து பத்திகள் போதும். மும்பையில் நான்காவது, ஐந்தாவது பத்திகளே செலவைத் தீர்மானிப்பவை. அலுவலக நண்பர்கள் மாலை வரவேற்புக்கு வந்து, சாப்பிட்டு, கடைசி லோக்கல் வண்டிக்கு முன் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. திருநெல்வேலியிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ வருபவர்களுக்கு இரண்டு நாட்களுக்கு ஐந்து வேளைச் சாப்பாடும், தங்குமிடமும், ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர வண்டியும் வேண்டும். இருவரையும் "ஒரு விருந்தினர்" என்று ஒரே எண்ணாகப் போட்டால் பின்வரும் கணக்கு எல்லாமே பிசகிவிடும்.

இந்தப் பட்டியலை முடிக்காமல் மண்டபம் பார்க்கப் போகாதீர்கள். மண்டபத்தின் கொள்ளளவைப் பார்த்துவிட்டுப் பட்டியல் எழுதினால், இருக்கும் நாற்காலிகளுக்கெல்லாம் ஆள் தேடத் தோன்றும்.

3. ஊர், நிகழ்ச்சிகள், மாதம்

கல்யாணம் மும்பையிலா, ஊரிலா என்பதை உணர்ச்சியோடு கலக்காமல், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இரு பக்கத்துப் பெரியவர்களும் ஊரில் இருந்தால், முகூர்த்தத்தை ஊரில் வைத்து மும்பையில் ஒரு மாலை வரவேற்பு மட்டும் வைப்பது பெரும்பாலும் செலவு குறைவு. இங்கே ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது: ஊர்க் கல்யாணத்தைப் பற்றியே பேசிவிட்டு, மும்பை வரவேற்பு யார் பொறுப்பு என்பதை யாரும் கேட்பதில்லை. பெண் வீட்டார் அதை மாப்பிள்ளை வீட்டு நிகழ்ச்சி என்று நினைத்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டாரோ அதையும் பொதுச் செலவு என்று எண்ணியிருப்பார்கள். நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், நலங்கு, வரவேற்பு, கல்யாணத்துக்குப் பிறகு வரும் மறுவீட்டு விருந்து என்று ஒவ்வொரு நிகழ்ச்சியையும் எழுதி, அதற்கு எதிரே நடத்துபவர் யார் என்று எழுதுங்கள்.

மாதத்தைப் பற்றி, மும்பையில் நடத்துவோருக்கு ஒரு செய்தி. மராத்தியக் குடும்பங்கள் ஆஷாட ஏகாதசியிலிருந்து கார்த்திகை ஏகாதசி வரையான சாதுர்மாசத்தில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. துளசி விவாகத்துக்குப் பிறகே அவர்களுடைய கல்யாண காலம் சூடுபிடிக்கும். நமக்கோ ஆவணி நல்ல முகூர்த்த மாதம். எனவே தை, வைகாசியில் கிடைக்காத மண்டபங்கள் ஆவணியில் எளிதாகக் கிடைக்கும். வாடகையிலும் பேசிக் குறைக்க இடமுண்டு. ஆனால் விநாயகர் சதுர்த்தி பெரும்பாலும் ஆவணியில்தான் வரும். அதிலிருந்து அனந்த சதுர்த்தசி வரையான நாட்களில் தாதர் பூ மார்க்கெட்டில் விலை ஏறிவிடும், சிலைகளைக் கரைக்கும் விசர்ஜன நாட்களில் சாலைகள் அடைபட்டுவிடும். மழைக்காலமும் முடிந்திருக்காது. அந்த நாட்களைத் தவிர்த்து ஆவணியில் முகூர்த்தம் கிடைத்தால், என்னைக் கேட்டால் அதையே எடுங்கள் என்பேன்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. நாகர்கோவில் வண்டியில் முப்பது பேருக்கு ஒரே நாளில் இடம் பிடிக்க வேண்டுமென்றால், அந்த அறுபதாம் நாள் காலையில் யார் யார் உட்கார்ந்து டிக்கெட் எடுப்பது, பணம் யார் போடுவது என்பதையும் இந்தப் படியிலேயே தீர்மானித்துவிடுங்கள்.

4. செலவுகளை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: பெண் வீட்டார் தாமே செய்வது, மாப்பிள்ளை வீட்டார் தாமே செய்வது, பொது. முதலில் முதல் இரண்டையும் நிரப்புங்கள். வழக்கம் தெளிவாக இருக்கும் செலவினங்களைப் பேசி முடித்துவிட்டால் சிக்கலானவற்றைப் பேசும் தெம்பு வரும்.

வழக்கம் சமூகத்துக்குச் சமூகம் மாறும் என்பதால், "எங்களில் இது சகஜம்" என்ற சொற்றொடரை நம்பாதீர்கள். பல வீடுகளில் திருமாங்கல்யமும் கூறைப்புடவையும் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. வேறு சில வீடுகளில் தாலிப்பொன் தாய்வீட்டிலிருந்து வரும். சில சமூகங்களில் கல்யாணத்தைப் பெண் வீட்டாரும் வரவேற்பை மாப்பிள்ளை வீட்டாரும் நடத்துவார்கள். சிலவற்றில் கல்யாணமே மாப்பிள்ளை ஊரில், அவர்கள் செலவில் நடக்கும். கலப்புத் திருமணமானால் இரண்டு பட்டியலும் ஒன்றோடொன்று மோதும். சீர்ப் பலகாரம், தாம்பூலப் பை, திரும்பிப் போகிறவர்களுக்குக் கட்டிக்கொடுக்கும் சாதம் வரை இரு வீட்டுப் பெரியவர்களையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். சின்னச் செலவினங்கள் என்று விட்டுவிடாதீர்கள். மனத்தாங்கல் பெரும்பாலும் சின்ன இனங்களில்தான் ஒளிந்திருக்கும்.

பொதுப் பத்தியில் மண்டபம், சமையல், மேடை அலங்காரம், நாதஸ்வரம், புரோகிதர், புகைப்படம், வண்டி ஆகியவை வரும். மும்பையில் இவற்றோடு தங்குமிடத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் என்றால் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் மாடியிலும் இருபது பேர் படுத்துக்கொள்வார்கள். இங்கே ஒரு படுக்கையறை வீட்டில் நாமே நெருக்கிக்கொண்டு படுக்கிறோம். வருகிறவர்கள் எல்லோருக்கும் லாட்ஜ் அறைதான். நான் கணக்கெழுதிய ஒரு கல்யாணத்தில், ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்காகப் பன்னிரண்டு அறைகள் எடுத்திருந்தார்கள். பேச்சுவார்த்தையில் அதைப் பற்றிப் பெண்ணின் தகப்பனார் கேட்டபோது, "அதெல்லாம் பாத்துக்கலாம் சம்பந்தி" என்று பதில் வந்திருந்தது. முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை, பெட்டிகள் எல்லாம் லாட்ஜ் வாசலில் அடுக்கியிருந்தன; ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது; வரவேற்பு மேசை மீது பில் கிடந்தது. பெண்ணின் தாய்மாமன் தம் அட்டையை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளையின் சித்தப்பாவும் தம் பணப்பையை எடுத்தார், ஆனால் ஒரு நொடி தாமதமாக. அந்த ஒரு நொடியைப் பெண் வீட்டார் பல மாதங்கள் மறக்கவில்லை. இருவருமே கொடுக்கத் தயாராக இருந்தவர்கள்தாம். யார் கொடுப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதிலிருந்து, அவரவர் விருந்தினர் தங்கும் செலவும் பயணச் செலவும் அவரவருடையது என்பதையே அடிப்படை விதியாகச் சொல்லிவருகிறேன். வேறு ஏற்பாடு வேண்டுமானால் அதை எழுதிக்கொள்ளலாம்.

நகையைப் பகிர்வுக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். "நாங்கள் இத்தனை சவரன் போடுகிறோம், ஆகவே மண்டபச் செலவு உங்களுடையது" என்று ஈடுகட்டத் தொடங்கினால் பேச்சு பேரமாகிவிடும். பெண்ணுக்குப் போடும் நகை அவளுடைய சொத்து, அது எந்தச் செலவுக்கும் ஈடாகாது. தங்க விலை நாளுக்கு நாள் மாறுவதால் ஈடும் நிலைக்காது.

இதோடு சேர்த்துச் சட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டப்படி, திருமணத்தையொட்டிப் பணமோ பொருளோ கேட்பதும், கொடுப்பதும், வாங்குவதும் குற்றம். கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் குறைந்தது ஐந்து ஆண்டுச் சிறை. கேட்காமல் மனமுவந்து தரும் பரிசுகளுக்குத் தடையில்லை, ஆனால் அவற்றுக்குப் பட்டியல் எழுத வேண்டும். பரிசின் விவரம், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை ஆகியவற்றை எழுதி மணமக்கள் கையொப்பமிட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. செலவைப் பகிர்வது பற்றிய பேச்சு, ஒரு தரப்பு நிபந்தனை வைத்துக் கேட்பதாக மாறும் அந்த நொடியிலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு பின்வரும் படிகள் எதுவும் பயன்படாது.

5. இப்போது விகிதம்

பொதுச் செலவுகள் இரண்டு வகை. ஆள் கூடினாலும் குறைந்தாலும் மாறாதவை ஒரு வகை: மண்டபம், மேடை, நாதஸ்வரம், புரோகிதர். ஆளுக்கு ஆள் கூடுபவை மற்றொரு வகை: சாப்பாடு, தாம்பூலப் பை, வண்டி. முதல் வகையைச் சரிபாதியாகவும், இரண்டாம் வகையைத் தலைக்கணக்காகவும் பிரிப்பதே நான் பார்த்தவற்றுள் மிகக் குறைந்த சச்சரவில் முடிந்த முறை. முழுவதையும் பாதியாக்கினால், எண்பது பேரை அழைத்தவர் முந்நூறு பேரை அழைத்தவரின் சாப்பாட்டுக்குக் கொடுத்தாக வேண்டும். முழுவதையும் தலைக்கணக்காக்கினால், பெரிய குடும்பத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காக ஒருவர் மேடைக்கும் கூடுதலாகக் கொடுப்பார்.

கணக்குப் புரிவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். மண்டபம் 2,00,000 ரூபாய். சாப்பாடு, எல்லா வேளைக்கும் சேர்த்துச் சராசரியாக ஆளுக்கு 900 ரூபாய் வீதம் 350 பேருக்கு 3,15,000 ரூபாய். மேடை, நாதஸ்வரம், புரோகிதர் 90,000 ரூபாய். புகைப்படமும் வீடியோவும் 70,000 ரூபாய். இதை மணமக்கள் தாமே ஏற்றுக்கொள்கிறார்கள். மொத்தம் 6,75,000 ரூபாய். பெண் வீட்டு விருந்தினர் 210 பேர், மாப்பிள்ளை வீட்டு விருந்தினர் 140 பேர் என்று வைத்துக்கொள்வோம். மண்டபத்தில் வீட்டுக்கு ஒரு லட்சம். மேடை முதலியவற்றில் வீட்டுக்கு 45,000. சாப்பாட்டில் பெண் வீட்டாருக்கு 1,89,000, மாப்பிள்ளை வீட்டாருக்கு 1,26,000. ஆக, பெண் வீட்டார் பங்கு 3,34,000 ரூபாய், மாப்பிள்ளை வீட்டார் பங்கு 2,71,000 ரூபாய், மணமக்கள் பங்கு 70,000 ரூபாய்.

மணமக்கள் பணம் தருவதாக இருந்தால், பொதுப் பணத்தில் கலக்காமல் ஏதேனும் ஓர் இனத்தை முழுதாக ஏற்கச் சொல்லுங்கள். கலந்துவிட்டால், பையன் போட்டதை மாப்பிள்ளை வீட்டுப் பங்காகவும், பெண் போட்டதைப் பெண் வீட்டுப் பங்காகவும் இரு வீட்டாரும் மனத்துக்குள் எண்ணிக்கொள்வார்கள்.

ஒரு வீட்டுக்கு வசதி குறைவு என்றால் என்ன செய்வது? தகப்பனார் இல்லாத பெண், ஓய்வூதியத்தில் வாழும் பெற்றோர் என்று சூழ்நிலைகள் இருக்கும். அப்போது விகிதத்தை எழுபதுக்கு முப்பது என்று மாற்றாதீர்கள். அந்த எண் இரு வீட்டாருக்கும் ஆயுள் முழுவதும் நினைவிலிருக்கும். வசதியுள்ளவர்கள், "மண்டபம் எங்கள் பொறுப்பாக இருக்கட்டும்" என்று ஓர் இனத்தை முழுதாக எடுத்துக்கொண்டு, மீதிக்குப் பொது விதியையே வைத்தால் போதும். கொடுப்பவர் மனமும் பெறுபவர் மனமும் நோகாது.

6. எழுதிக்கொள்ளுங்கள்

பத்திரத்தாளும் சாட்சியும் தேவையில்லை. பேசி முடித்த அன்று இரவே, யார் எதை ஏற்கிறார்கள் என்பதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக எழுதி, "நாம் பேசியதை மறக்காமலிருக்க எழுதியிருக்கிறேன், விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு கணக்குப் பொறுப்பாளர் மற்றவருக்கு அனுப்பினால் போதும். எழுதினால் நம்பிக்கையில்லை என்று எண்ணுவார்களே என்று தயங்குகிறவர்கள் உண்டு. நான் பார்த்தவரை, எழுதியதால் கோபித்துக்கொண்ட சம்பந்தி எவரும் இல்லை.

அந்தச் செய்தியில் இரண்டு விதிகள் கட்டாயம் இருக்க வேண்டும். பேசியதற்கு மேல் ஒன்றைக் கூட்ட விரும்புபவரே அந்தக் கூடுதலைக் கொடுக்க வேண்டும் என்பது முதலாவது. சாதாரணப் பூ அலங்காரம் என்று பேசியிருக்கையில், கடைசி வாரத்தில் ஆர்க்கிட் வேண்டும் என்று ஒரு வீட்டார் விரும்பினால் தாராளமாக வைக்கலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுடையது. இந்த விதி இல்லாத இடங்களில், ஆசைப்படுபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர் என்றாகிவிடுகிறது. கல்யாணம் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ திரும்பி வராத முன்பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது இரண்டாவது. இதைப் பேசுவதை அபசகுனமாக நினைப்பவர்கள் அதிகம். வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்து தேதி தள்ளிப்போன கல்யாணங்களைப் பார்த்தவன் என்பதால், தயக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு "சரிபாதி" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள் என்கிறேன்.

7. முன்பணம் கொடுக்கும் வரிசை

மண்டபம், சமையல், புரோகிதர், நாதஸ்வரம், புகைப்படம், அலங்காரம், பூ என்ற வரிசையில் போங்கள். மண்டபம் முதலில் வருவதற்குத் தேதி மட்டும் காரணமில்லை. மும்பையில் சில மண்டபங்கள் வெளிச் சமையல்காரரை அனுமதிப்பதில்லை. தாங்கள் சொல்லும் கேட்டரரையே வைக்க வேண்டும் என்பார்கள். சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மண்டபம் தேடினால் ஏதேனும் ஒரு முன்பணம் வீணாகும்.

வாடகையைச் சொன்னவுடன், அது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். மண்டப வாடகைக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. இரண்டு லட்சம் என்பது 2,36,000 ஆகிவிடும். மின்கட்டணமும் ஜெனரேட்டரும் தனியா, துப்புரவுக்கு எவ்வளவு, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பவற்றையும் ரசீதின் பின்புறமே எழுதி வாங்குங்கள்.

ரொக்கம் கொடுக்கையில் ஒரு வரம்பு உண்டு. ஒரே நிகழ்ச்சியையொட்டி ஒருவரிடமிருந்து 2,00,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி 2017 ஏப்ரலிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளது. மீறிப் பெற்றவருக்கு, பெற்ற தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம். தவணை தவணையாகக் கொடுத்தாலும் ஒரே கல்யாணத்துக்கானது என்பதால் தப்ப முடியாது. வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கொடுத்தால் இந்தக் கவலை இல்லை. யார் கொடுத்தது என்பதற்குச் சான்றும் தானாகவே சேர்ந்துவிடும்.

பூவுக்கு மட்டும் முன்கூட்டியே நிலையான விலை எதிர்பார்க்காதீர்கள். தாதரில் விடியுமுன் கூடும் சந்தையில் அன்றைய வரத்தே விலை. மதிப்பீட்டில் குறைந்தது, கூடியது என்று இரண்டு எண்களைப் போட்டு, கூடிய எண்ணுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

8. கல்யாண நாட்களில்

கையில் ரொக்கப் பை ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். அதை வைத்திருப்பவருக்கு அந்த இரண்டு நாட்களும் வேறு வேலை கொடுக்கக்கூடாது. ஆட்டோ, கூடுதல் பால், மறந்துபோன தர்ப்பை, பந்தல்காரருக்கு டிப்ஸ் என்று ஐம்பதும் நூறுமாக அதிலிருந்து போகும். ஒவ்வொன்றையும் உடனே எழுத வேண்டும். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், மாலையில் ஆறாயிரம் ரூபாய்க்குக் கணக்குத் தெரியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய தொகை சாப்பாட்டில்தான். இலைக்கு இத்தனை என்று பேசியிருந்தால், இலையை எண்ணுவதற்கு ஒருவர் வேண்டும். பந்தி தொடங்குமுன், சமையல் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து மொத்தம் எத்தனை இலைக்கட்டு, கட்டுக்கு எத்தனை இலை என்று எண்ணி எழுதுங்கள். கிழிந்த இலைகளைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். கடைசிப் பந்தி முடிந்ததும் மீந்த இலைகளையும் கிழிந்தவற்றையும் எண்ணிக் கழித்தால் உண்ட இலை வந்துவிடும். என் மகளின் கல்யாணத்தில் என் தங்கை, சமையற்கட்டு வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மடியில் நோட்டோடு உட்கார்ந்து இதைச் செய்தாள். மேற்பார்வையாளர் 410 இலை என்றார். அவள் கணக்கில் 372. கட்டுகளை மீண்டும் பிரித்து எண்ணினார்கள். பிரிக்காத ஒரு கட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, மறந்திருந்தார். இரண்டு நிமிடத்தில் சிரித்தபடியே சரியாகிவிட்டது. இதையே மூன்று நாள் கழித்துப் பேசியிருந்தால் வழக்காகியிருக்கும்.

குறைந்தபட்சம் இத்தனை இலைக்குப் பணம் என்று பேசியிருந்தால், வந்தவர்கள் குறைவானாலும் அந்த எண்ணுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தக் குறைவைப் பட்டியலில் சொன்ன தலைக்கணக்கின்படியே பிரியுங்கள். அன்று உங்கள் பக்கம் எத்தனை பேர் வரவில்லை என்று தேடிப் பார்ப்பது வேண்டாம். பந்தியில் உட்கார்ந்தவரை யார் வீட்டு விருந்தினர் என்று கேட்கும் வழக்கம் நமக்கு வேண்டவே வேண்டாம்.

9. மொய்

மொய்யை வருமானமாகக் கருதிச் செலவில் கழிக்காதீர்கள். அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அவரவர் விருந்தினர் எழுதியது அவரவர் வீட்டு நோட்டுக்குப் போக வேண்டும். இரு வீட்டுக்கும் தனித்தனி மொய் மேசை, தனித்தனி நோட்டு வையுங்கள். திருமணத்தையொட்டி மணமக்கள் பெறும் பரிசுக்கு வருமான வரி இல்லை. அந்தச் சலுகை அவர்களுக்கே, பெற்றோருக்கு இல்லை என்பதால், மணமக்களுக்கு வந்ததை அவர்கள் பெயரிலேயே வங்கியில் போட்டுவிடுங்கள்.

10. கணக்குத் தீர்த்தல்

மறுவீட்டு விருந்து முடிந்த பிறகு, பத்து நாட்களுக்குள் இரு கணக்குப் பொறுப்பாளர்களும் உட்கார வேண்டும். அதற்கு மேல் தள்ளினால், ரசீதுகள் தொலையும், ஞாபகம் இரண்டு விதமாகும்.

மேலே சொன்ன எடுத்துக்காட்டிலேயே தொடர்வோம். பெண் வீட்டார் மண்டபத்துக்கு 2,00,000, சமையல் முன்பணம் 1,00,000 என 3,00,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் சமையல் பாக்கி 2,15,000, மேடை முதலியவற்றுக்கு 90,000 என 3,05,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். பெண் வீட்டார் பங்கு 3,34,000 ஆகையால், அவர்கள் 34,000 ரூபாயை மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். ஒவ்வொரு பில்லுக்கும் அப்போதைக்கப்போது பாதி வாங்கிக் கொண்டிருக்காமல், கடைசியில் ஒரே ஒரு தொகையாகத் தீர்ப்பதே நல்லது. பணம் கேட்டுக் கைநீட்டும் சந்தர்ப்பங்கள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவுக்கு நிம்மதி.

ரசீது இல்லாத சில்லறைச் செலவுகளுக்காக வாதிடாமல், ரொக்கப் பையிலிருந்து போன மொத்தத்தையும் சரிபாதியாக்கிவிடுங்கள். மண்டபத்து டெபாசிட் பெரும்பாலும் சில வாரங்கள் கழித்தே திரும்பும். எவர் கணக்குக்கு வந்தாலும் அதன் பாதியை மற்றவருக்கு அனுப்பி, நோட்டின் கடைசி வரியில் எழுதி, இரு பொறுப்பாளர்களும் கையொப்பமிடுங்கள். ரசீதுகளை ஒரு உறையில் போட்டு, பரிசுப் பட்டியலின் பிரதியோடு மணமக்களிடம் கொடுத்துவிடுங்கள். தங்கைக்கோ தம்பிக்கோ அடுத்த கல்யாணம் பேசும்போது, மதிப்பீட்டுக்கு அவர்கள் முதலில் தேடி எடுக்கப்போவது அந்த உறையைத்தான்.